டிக் போட்டியா?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் 2019இல் பைத்தான் வந்ததிலிருந்து தெருவில் அவருக்கு மவுசு கூடிவிட்டது. வீட்டில் வைத்த பெயர் என்னவோ, பிள்ளைகளுக்கு அவர் இன்ஸ்டால் அண்ணன். புது லேப்டாப் வந்த வீட்டில் அதற்குக் குங்குமம் வைத்த கையோடு அவருக்குத்தான் போன் போகும்.

வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “டிக் போட்டியா?”

பைத்தானை நிறுவும்போது வரும் முதல் திரையில், அடியில் ஒரு சின்னக் கட்டம் காலியாகக் கிடக்கும். ‘பாத்’தில் பைத்தானைச் சேர்க்கவா என்று கேட்கிற கட்டம். மேலே ‘இன்ஸ்டால் நவ்’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கும்போது அடியில் இருப்பதை எந்தப் பிள்ளை பார்க்கும்? நேராக அதை அமுக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று திரையும் வாழ்த்தும். பிறகு கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து ‘பைத்தான்’ என்று தட்டினால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வந்து நிற்கும். பைத்தான் இல்லாதவர்களுக்கு வழிகாட்டட்டுமே என்று 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டில் செய்த ஏற்பாடு அது. அண்ணன் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொள்வார். “நாம ஏற்கெனவே போட்டுட்டோம், இவன் கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்கிறான் பாருங்க!”

“அப்ப பைத்தான் உள்ள இருக்கா, இல்லையா தம்பி?” என்பார் பிள்ளையின் அம்மா, கவலையோடு.

“இருக்கு ஆன்ட்டி. வீடு கட்டியாச்சு, தபால்காரருக்கு விலாசம் கொடுக்கல. அவ்வளவுதான்.”

இந்த ஒரு வசனத்துக்கே ஃபில்டர் காபி வந்துவிடும். பழுதில்லாத விளக்கம்தான். பாத் என்பது ஃபோல்டர்களின் பட்டியல். தட்டிய கட்டளையை விண்டோஸ் அந்தப் பட்டியலில் உள்ள இடங்களில் தேடும். அண்ணன் பட்டியலில் பைத்தானின் இடத்தைச் சேர்ப்பார். அப்போதும் கறுப்புத் திரை கைவிரிக்கும். ஏற்கெனவே திறந்திருக்கிற சன்னலுக்குப் பழைய பட்டியல்தான் தெரியும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். இந்தக் காரணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சன்னலை மூடி, ஒரு வாய் காபி குடித்து, மறுபடி திறப்பார். பைத்தான் ஓடும். வீட்டார் பார்வையில் அது கைராசி.

அண்ணனின் அனுபவம் டர்போ சி++ காலத்தது. போர்லேண்ட் 1990களின் தொடக்கத்தில் டாஸுக்காகச் செய்த அந்த நீலத் திரை, 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். டர்போவில் நிரலை ஓட்டக் கண்ட்ரோலும் எஃப்9உம். டாஸ்பாக்ஸிலோ அதே இரண்டு விசைகள் சேர்ந்தால் டாஸ்பாக்ஸே மூடிக்கொள்ளும். சேமிக்காமல் எழுதிய ரெக்கார்டு நோட்டுப் பயிற்சி அதோடு போயிற்று. படித்த நாளில் ஹாஸ்டலில் அப்படி ஒப்பாரி வைத்தவர்களைத் தேற்றிய பெருமையை அண்ணன் இன்றும் ஆதாரமாகக் காட்டுவார்.

கீபோர்டைப் பிள்ளைகள் கையில் தர மாட்டார் என்பது ஒரு குறை. நோட்பேடில் எழுதிய பைத்தான் கோப்பின் வாலில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்வதையும் விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைப்பதையும் ஒரு தரம் காட்டிக் கொடுத்தால் பிள்ளையே அடுத்த முறை சரிசெய்துகொள்ளும். அப்புறம் அண்ணனை யார் கூப்பிடுவார்கள்? கூகுள் கோலாபில் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே பைத்தான் எழுதலாமாமே என்று யாராவது சொன்னால், “நெட் போச்சுன்னா?” என்று எழுந்துவிடுவார்.

பைத்தானில் அவர் இதுவரை எழுதிய மிகப் பெரிய நிரல், ‘ஹலோ வேர்ல்டு’ என்று அச்சிடும் ஒரு வரி. வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும் என்பது அவர் கட்சி.

போன வாரம் எதிர்வீட்டு மாணவி ஆமை வரைகிற நிரல் ஒன்றை எழுதி, கோப்புக்கு ‘டர்ட்டில்.பை’ என்றே பெயர் வைத்தாள். ஓட்டினால் பிழை. அண்ணன் வந்தார், டிக் இருந்தது, பாத் இருந்தது. நெற்றியைச் சுருக்கி, “அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடணும்” என்றார். போட்டார். அதே பிழை. 32 பிட்டா 64 பிட்டா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்க, அவள் சிவப்பு எழுத்துகளை முதல்முறையாகப் படித்துப் பார்த்தாள். பைத்தானோடு வரும் டர்ட்டில் தொகுப்பைக் கூப்பிட்டால், அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கிற அவளுடைய கோப்புதான் வந்து நிற்கிறது. பெயரை ‘என்_ஆமை’ என்று மாற்றினாள். திரையில் அம்பு நகர்ந்து சதுரம் போட்டது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். “பார்த்தியா? இப்பதான் இன்ஸ்டால் ஒழுங்கா உட்கார்ந்திருக்கு.”