நல்லவர்கள் குடியிருக்கும் பகுதி

இந்த நாட்டில் திருடுவதற்கு முன் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும்.

கிண்டல் இல்லை. சட்டம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், நான்காவது பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிபதி வெளியே விடலாம். அருமையான சட்டம். ஆனால் விடுவதற்கு முன் நீதிபதி ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அவருக்கோ அவருக்காகக் கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ, நிரந்தரமான தொழிலோ இருக்கிறதா? இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். வீடில்லாதவனுக்கு அரசே வீடு தரும். புழலில்.

ஜாமீன் கதையும் இதேதான். 1978-இல் மோதி ராம் என்ற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவரை ஜாமீனில் விடச் சொல்லி உத்தரவு ஏற்கெனவே இருந்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். கூடப் பிறந்தவர் முன்வந்தார். செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கின்றனவாம். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் எழுப்பியவருக்குக் காட்டுவதற்கு ஒரு சுவர் இல்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப்போய்த் தீர்ப்பு எழுதினார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். 2023 ஜனவரியில், ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் சுமார் 5,000 விசாரணைக் கைதிகள் உள்ளேயே கிடக்கிறார்கள் என்ற கணக்கு அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. பாடம் நன்றாகத்தான் நடத்தியிருக்கிறார்கள்.

2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் மீது இன்னும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இவர்களுக்குச் சோறு, காவல், கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேன், வேனுக்கு டீசல், வழிக்காவலுக்குப் போலீஸ், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வர மறுபடி டீசல். எல்லாம் நம் பணம். போக முகவரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனை உள்ளே வைத்துச் சோறு போடுவதைச் சிக்கனம் என்று எந்த நிதித்துறைச் செயலரும் சொல்ல மாட்டார். ஆனாலும் கோப்பு நகர்கிறது, பில் பாஸ் ஆகிறது.

இதற்கு மாற்றாக நிபுணர் குழு எதுவும் வேண்டாம். ஒரு வாடகை வீடு போதும். பத்துப் பதினைந்து பேர் தங்கலாம். ஒரு சமையல்காரர், ஒரு காப்பாளர், அவ்வப்போது வந்து விசாரிக்கும் நன்னடத்தை அலுவலர். வேலை கிடைத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை ஒரு இடைத்தங்கல் இல்லம். புரட்சிகரமான யோசனையும் இல்லை. விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்புக்கென்று 2016-இன் மாதிரிச் சிறைக் கையேட்டில் தனி அத்தியாயமே இருக்கிறது. சென்னை மாகாணம் 1936-லேயே நன்னடத்தைச் சட்டம் போட்டது. தில்லி விழித்துக்கொள்ள இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பெருமையை யாரும் அட்வான்ஸாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

சரி, அப்படியொரு வீட்டுக்கு வாடகை பேசியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெரு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஒரு வாரம் வராதபோது கூடாத குடியிருப்போர் நலச் சங்கம், அன்று மாலை ஆறு மணிக்குள் கூடிவிடும். மைக் வரும். பிளாஸ்டிக் நாற்காலி வரும். காராசேவும் காபியும் வரும்.

"சார், நாங்க மனிதாபிமானத்துக்கு எதிரி இல்ல. ஆனா இது ரெசிடென்ஷியல் ஏரியா."

குடியிருக்கும் பகுதியாம். ஆகவே குடியிருக்க வரக் கூடாதாம்.

"வயசுப் பொண்ணு இருக்கற வீடு சார்." இந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து இருட்டுத் தெருவில் தனியே நடந்து வரும் பெண்ணின் பயம் உண்மையான பயம். அந்தப் பயம் உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. என்ன வழக்கில் வந்தவர்கள்? இரவில் காப்பாளர் இருப்பாரா? அலுவலர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? புகார் என்றால் யாரைக் கூப்பிடுவது? நேர்மையான கேள்விகள். அரசு பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆனால் ஒருவர்கூடக் கேட்க மாட்டார். தெரு விளக்கு எரியவில்லையே என்றும் கேட்க மாட்டார். மூன்றாவதாக எழுந்திருப்பவர்தான் உண்மையைப் பேசுவார்: "கிரவுண்டு ரேட்டு இறங்கிடும் சார்."

கைதட்டல்.

தலைவர் எழுவார். சட்டம் ஒழுங்கு பற்றிப் பேசுவார். பேசட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கட்டடத்தைப் பாருங்கள். அனுமதி இரண்டு மாடிக்கு, நிற்பது மூன்று. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஜெனரேட்டர். கார் நிறுத்தும் இடம் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் டியூஷன் சென்டர். தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு. ஏரி எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது.

இதுவும் சட்ட மீறல்தான். ஆனால் பாருங்கள், இதற்கு நம் அரசு எவ்வளவு தாயுள்ளத்தோடு நடந்துகொள்கிறது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் காப்பாற்றத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் செருகினார்கள். அங்கீகாரமில்லாத மனைகளுக்காக 2017-இல் தனி விதிகள் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20 வரையிலான பாவங்களைக் கழுவினார்கள். பெயர் வரன்முறைப்படுத்துதல். பணத்தைக் கட்டு, பரிசுத்தமாகு. எந்தச் சங்கமும் இதை எதிர்த்து மைக் பிடிக்கவில்லை. மூன்றாவது மாடி திருந்தி நடந்துகொள்கிறதா என்று எந்த நன்னடத்தை அலுவலரும் வந்து பார்ப்பதில்லை. செல்போன் திருடிய பத்தொன்பது வயதுப் பையனைத்தான் பார்க்க வேண்டும். அவனையும் இந்தத் தெருவில் வைத்துப் பார்க்கக் கூடாது.

இத்தனைக்கும் இருபத்தொரு வயதுக்குக் கீழே இருப்பவனைச் சிறைக்கு அனுப்புவதென்றால், ஏன் அனுப்புகிறேன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறது அதே சட்டம். நன்னடத்தையில் விடப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது பன்னிரண்டாவது பிரிவு. பார்சல் கம்பெனியில் டெலிவரி வேலைக்குப் போய் இந்தப் பன்னிரண்டாவது பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் எங்கே தம்பி என்பார்கள்.

தண்டனை பெற்றவர்கள் வெளியே வந்து தங்கும் வீடு என்றாலே நமக்கு ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் பர்னாவா என்ற ஊரில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. தேரா சச்சா சௌதா தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங், பெண் சீடர்கள் இருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 2017-இல் 20 ஆண்டு தண்டனை பெற்றவர், பரோலிலும் விடுப்பிலுமாகப் பத்து முறைக்கு மேல் வெளியே வந்துவிட்டார். பலமுறை தங்கியது அங்கேதான். 2024 அக்டோபரில் ஹரியானா வாக்களிக்கும் நேரத்தில் அவருக்கு 20 நாள் பரோல். தற்செயல்தான், சந்தேகப்படாதீர்கள். முன்பொரு பரோலில் இணையவழி சத்சங்கம் நடத்தினார். அரசியல்வாதிகள் ஆசி வாங்க வரிசையில் வந்தார்கள். அவரை வெளியே விடும் ஹரியானா சட்டத்தின் பெயரிலேயே நன்னடத்தை இருக்கிறது.

2022 ஆகஸ்ட் 15-ஐயும் மறந்திருக்க மாட்டீர்கள். பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் ஆயுள் கைதிகள் 11 பேரைக் குஜராத் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. சுதந்திர தினம் அல்லவா. இனிப்பு ஊட்டினார்கள், மாலை போட்டார்கள். 2024 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, திரும்ப உள்ளே போங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மாலைகளை ரத்து செய்யும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

தலைநகருக்கே வாருங்கள். 2024-இல் வென்ற 543 மக்களவை உறுப்பினர்களில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 170 பேர் மீது கடுமையான வழக்குகள். இவர்களுக்குத் தில்லியின் நடுமையத்தில், மரம் சூழ்ந்த சாலைகளில், நம் செலவில் வீடு. நாட்டிலேயே பெரிய இடைத்தங்கல் இல்லம் அதுதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும். அக்கம்பக்கத்தில் ரேட்டு இறங்கியதா? வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்று உடனே சொல்வீர்கள். சரியான பேச்சு. இதே வாக்கியத்தை அந்த 4,34,302 பேருக்காகவும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

வழக்கு நிரூபணமே ஆனாலும் அங்கே கருணைக்குப் பஞ்சமில்லை. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்கக் கூடாது. ஆயுளுக்கும் தடை போடுங்கள் என்று ஒரு வழக்கு. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது: தடைக்குக் கால வரம்பு இருந்தால்தான் தேவையற்ற கடுமை தவிர்க்கப்படும், மற்றபடி இது நாடாளுமன்றத்தின் விருப்பம். கடுமை கூடாது என்பது நல்ல கொள்கை. எம்.பி. ஆவதற்குப் பொருந்தும் கொள்கை, மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதற்குப் பொருந்தாமல் போவது ஏன் என்று யாராவது ஒரு மனு போடலாம்.

நம் தெருவுக்கு வருவோம். மறியல் அரை மணி நேரம் நடக்கும். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. சட்டமன்ற உறுப்பினர் மக்கள் பக்கம் நிற்பார். வாக்காளர் பட்டியலில் முகவரி உள்ளவர்கள்தாமே மக்கள். அதிகாரி தலையாட்டுவார். மக்கள் உணர்வுக்கு மதிப்பளித்து இல்லம் இடம் மாறும். குப்பைக் கிடங்கையும் தாண்டி, கல்குவாரிக்குப் பக்கத்தில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பஸ் வரும் இடத்துக்கு. திறப்பு விழாவுக்கு மட்டும் பந்தல், குத்துவிளக்கு, அமைச்சர், கல்வெட்டு. கல்வெட்டின் செலவில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

எட்டு மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டியவன் பத்தரைக்குப் போய் இறங்குவான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளி கணக்கை முடிப்பார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் பஸ் வராது. நன்னடத்தை அலுவலர் கெட்டவர் இல்லை. போன் செய்து பார்ப்பார், திட்டுவார், ஒருமுறை மன்னிப்பார். மறுமுறை அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும். நிபந்தனை மீறல். நீதிமன்றம் அழைக்கும். பஸ் வராத ஊருக்குப் போலீஸ் வேன் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேரும்.

செய்தித்தாளில் நான்கு வரி வரும். நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தலைவர் அதை வாசித்துக் காட்டுவார். "பாத்தீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன்." எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு அன்றைய முக்கியத் தீர்மானத்தை எடுத்துக்கொள்வார்கள்: வரன்முறைப்படுத்தக் கடைசித் தேதியை இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கக் கோரி, மூன்றாவது மாடிகளின் சார்பில் முதலமைச்சருக்கு ஒரு மனு. ஏகமனதாக நிறைவேறும்.