சென்னைக்கு மிக அருகில்

ஜி.எஸ்.டி. சாலையில் 'சென்னைக்கு மிக அருகில்' என்ற தொடர் தாம்பரத்தில் தொடங்கி ஏறக்குறைய திண்டிவனம் வரை செல்லுபடியாகும். திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மதுராந்தகத்தைத் தாண்டி, வயல் ஒன்றில் நான்கு மஞ்சள் கல்லை நட்டு, அலங்கார வளைவு கட்டி, அதன் நெற்றியில் இதையே எழுதியிருப்பதைப் பேருந்தில் போகிற எவரும் பார்க்கலாம். நகரத்தில் வேலை, புறநகரில் குடும்பம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் பழக வேண்டிய மொழி இது.

இதைச் சரளமாகப் பேசுகிறவர் மனைத் தரகர். இதற்கு எதிர்மொழி ஒன்றும் உண்டு. புலப்படம், அ-பதிவேடு, வில்லங்கச் சான்று என்று பழைய தாள்களால் ஆன அந்த மொழியை ஓய்வுபெற்ற சர்வேயர்கள் பேசுவார்கள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இலவச 'சைட் விசிட்' வேனில் இரண்டும் ஒன்றாக ஏறின. முன்னிருக்கையில் தரகர். ஜன்னலோரம் சர்வேயர், பெண்ணுக்குப் பெரியப்பா முறை. வாங்கப்போகிற கணவனும் மனைவியும் நடுவில், மடியில் குழந்தை. பணம் கட்டப்போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பயணங்களில் பேச இடம் கிடைப்பதில்லை.

தேர்வின் முதல் அளவுகோல் பயணநேரம்.

தரகர்: கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்லேர்ந்து பத்தே நிமிஷம் சார்.

சர்வேயர்: எதுல பத்து நிமிஷம் தம்பி?

தரகர்: பைக்ல சார்.

சர்வேயர்: எத்தனை மணிக்கு?

தரகர்: காலையில.

சர்வேயர்: காலையிலன்னா?

தரகர்: ஒரு அஞ்சு மணின்னு வைங்களேன்.

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். தென்சென்னைப் புறநகர் என்ற ஒன்று உருவானதே அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகத்தான். அந்த 29 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் ரயில்களில் பல தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தெற்கே போகப்போக மனை விலை குறைகிறது, ரயிலும் குறைகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று பழகியவர் இங்கே கால அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்.

சர்வேயர்: நான் கூட்டிச் சொல்றேன், கேளுங்க. வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் இருபது நிமிஷம். ஸ்டாண்டுல வண்டியப் போட அஞ்சு. ரயிலுக்குக் காத்திருக்க ஒரு பதினஞ்சு. பீச்சு வரைக்கும் ஒன்றேகால் மணி நேரம். அங்கேர்ந்து ஆபீசுக்கு நடை. ரெண்டு மணி நேரம் ஆச்சா? திரும்பி வர ரெண்டு. மாப்பிள்ளை குழந்தைய முழிச்ச முகமா பாக்கணும்னா ஞாயித்துக்கிழமைதான்.

தரகர்: அதுக்குத்தான் சார் உள்ள சில்ரன்ஸ் பார்க் விட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை முழுக்க அப்பாவும் பிள்ளையும் விளையாடலாம்.

சர்வேயர்: பார்க்க நீங்க விடல தம்பி. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மிச்சத்துல பத்துல ஒரு பங்கு திறந்தவெளியா விட்டே ஆகணும். அது சட்டம்.

தரகர்: சட்டத்த மதிக்கிற கம்பெனி சார் எங்களோடது!

தரகருக்குப் பிடித்த வாகனம் ரயில் அல்ல. இன்னும் வராத மெட்ரோ. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டும் திட்டம், சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு, வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் காலம் மூன்று. மனை வணிகத்தில் 'வரப்போகுது' என்று நான்காவது ஒன்று உண்டு. வசதியைப் பொறுத்தவரை அது எதிர்காலம், விலையைப் பொறுத்தவரை நிகழ்காலம்.

இரண்டாவது அளவுகோல் தண்ணீர். இதைப் பற்றிப் பேசத்தான் சர்வேயர் வேனில் ஏறினார். செங்கல்பட்டு வட்டாரத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஒன்றின் உபரி அடுத்ததற்கு, அதன் உபரி ஆற்றுக்கு என்று சங்கிலிபோல் கோத்த ஏரிகள் அவை. ஊர்ப்பெயரிலேயே அதற்குத் தடயம் கிடைக்கும்: தாங்கல் என்றாலும் ஏந்தல் என்றாலும் சிறிய ஏரிதான். புதிய மனைப்பிரிவுகளின் ஆங்கிலப் பெயர்கள் இந்த மரபைத் தம்மையறியாமல் காப்பாற்றுகின்றன. பெயரில் 'லேக்' என்று இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. காலடியில் பார்த்தால் போதும்.

வேன் நின்ற இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓரத்தில் கோரை. ஷாமியானா பந்தலும் மோர் டம்ளரும் தயாராக இருந்தன. குழந்தை இறங்கிய உடனே மண்ணிலிருந்து வெள்ளையாக எதையோ பொறுக்கத் தொடங்கியது.

தரகர்: பாத்தீங்களா மேடம், குழந்தைக்கே எடம் புடிச்சுப்போச்சு.

சர்வேயர்: அது கையில வச்சிருக்கறது நத்தைக் கூடு. வயக்காட்டு நத்தை தம்பி. தண்ணி நிக்கற எடத்துலதான் இருக்கும்.

தரகர்: அதாவது வளமான பூமின்னு சொல்றீங்க. உண்மை சார், இங்க போர் போட்டா இருபதே அடியில தண்ணி!

சர்வேயர்: ஏரிக்குள்ள எதுக்கு இருபது அடி? கார்த்திகையில வந்தா தோண்டவே வேண்டாம்.

தரகர்: சார், இது பட்டா நெலம். இங்க ஏரியே கிடையாது.

சர்வேயர்: சரி. நாம உக்காந்திருக்கமே, இந்தக் கருங்கல்லு என்ன?

தரகர்: அது பழைய காலத்துக் கல்லு சார். ஒரு லுக்கா இருக்குன்னு எடுக்காம விட்டிருக்கோம்.

சர்வேயர்: மதகுக் கல்லு. நடுவுல ஓட்டை இருக்கு பாரு.

மதகு இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பாசன வயல். எந்தப் பக்கம் எது என்பதைக் கிராம வரைபடமும் புலப்படமும் அ-பதிவேடும் சொல்லும். வயலாக இருந்த பக்கம் பட்டாவாக இருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். அதனால் அது மேடாகிவிடாது. மதகு திறந்தால் தண்ணீர் போகட்டும் என்று பல தலைமுறைகள் தாழ்வாக வைத்திருந்த நிலம் அது. தரகர் சொன்னதும் சரி, சர்வேயர் சொன்னதும் சரி என்று ஆவது இப்படித்தான்.

இந்த வட்டாரத்தில் ஆதனூர்ப் பக்கம் தலைகாட்டுகிற அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக இறங்குகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் படகு ஓடியது. செம்பரம்பாக்கத்தைத் திறந்ததுதான் காரணம் என்று இன்றும் பலர் பொதுவாகச் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரியும் வானத்திலிருந்து நேரே விழுந்ததும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் அதே தெருக்களைத் தேடிப்போனது. வீட்டு எண் மாறினாலும் அதற்கு வழி தப்புவதில்லை.

தரகரிடம் இதற்கும் பதில் இருந்தது. சொல்லப்போனால் அன்றைக்கு அவர் சொன்னவற்றில் வலுவானது இதுதான்.

தரகர்: சார், நீங்க பெரியவங்க, ஒண்ணு கேக்கறேன். தி.நகர் என்ன?

சர்வேயர்: மாம்பலம் ஏரி.

தரகர்: எப்ப தூத்தாங்க?

சர்வேயர்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல.

தரகர்: அன்னைக்கு ஒரு சர்வேயர் போயி, 'ஏரிக்குள்ள வாங்காதீங்க'ன்னு சொல்லியிருப்பாரு. அவர் பேச்ச கேட்டவன் பேரன் இன்னைக்கு வாடகை வீட்டுல இருக்கான். கேக்காதவன் பேரன் ஒரு கிரவுண்ட வித்து அமெரிக்காவுல இருக்கான்.

சர்வேயர்: மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு. போய் நின்னு பாத்திருக்கியா? லேக் தெரியாது. மழை பெஞ்சா தெரியும்.

குடிநீர் பற்றிய பேச்சு இதைவிடச் சுருக்கமாக முடிந்தது. கிராம ஊராட்சி எல்லைக்குள் போடப்படும் மனைப்பிரிவுகளில் குடிநீர் என்றால் பெரும்பாலும் 20 லிட்டர் கேன், புழங்க ஆழ்துளைக் கிணறு, கோடையில் லாரி. கழிவுநீருக்குத் தொட்டி, தொட்டி நிரம்பினால் அதற்கும் ஒரு லாரி. இரண்டு லாரியும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்து, எது வழிவிடுவது என்று நிற்கிற காட்சியைப் புறநகர்க் குழந்தைகள் பால்வாடி வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். 2019 கோடையில் நகரத்தின் ஏரிகளே வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சர்வேயர் நினைவூட்டினார். "பாத்தீங்களா சார், சிட்டிக்குள்ளயும் தண்ணி இல்ல. அப்புறம் எதுக்கு அங்க போய் அவ்வளவு வெல குடுக்கணும்?" என்றார் தரகர்.

மூன்றாவது, தாள்கள்.

தரகர்: நூறு சதவீதம் அப்ரூவ்டு சார்.

சர்வேயர்: யாரோட அப்ரூவல்?

தரகர்: பஞ்சாயத்து.

பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் குத்திய வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி. ஆகிய திட்ட அமைப்புகளிடம் இருக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை போட்டது. பழைய மனைகளை வரன்முறைப்படுத்த அடுத்த ஆண்டே விதிகள் வந்தன. இடைப்பட்ட மாதங்களில், தம் மனை எந்த வகை என்று பல குடும்பங்கள் முதல்முறையாகத் தெரிந்துகொண்டன. இன்று 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவை ரேராவில் பதிய வேண்டும். அந்தப் பதிவெண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். தரகர் கொடுத்த துண்டறிக்கையில் அந்த இடத்தில் ஒரு மயில் படம் இருந்தது.

சர்வேயர்: மூலப்பத்திரம் காட்டு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுக் குடு. புலப்படத்தோட ஒரு நகல்.

தரகர்: எல்லாம் ஆபீஸ்ல இருக்கு சார். அட்வான்ஸ் போட்டதும் செட்டா குடுத்துடுவோம்.

சர்வேயர்: பாக்காம எப்படிய்யா அட்வான்ஸ்?

தரகர்: அட்வான்ஸ் போடாதவங்களுக்கெல்லாம் காட்டினா, அப்புறம் வாங்கறவங்களுக்கு என்ன சார் மரியாதை?

பள்ளிக்கூடம் இந்த உரையாடலில் ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கிற ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்றார் தரகர். எத்தனை மணிக்கு வேன் வரும் என்றார் சர்வேயர். ஆறே முக்கால் என்று பதில் வந்தது. அப்பாவின் ரயிலும் மகளின் வேனும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் அம்மா எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்ற கணக்கை இருவருமே போடவில்லை. தரகர் போடாததில் வியப்பில்லை.

அக்கம்பக்கம் பற்றியும் பேச்சு வந்தது. அறுபது மனைகள் விற்றுவிட்டன என்றார் தரகர். வீடு எத்தனை என்று கேட்டால் நான்கு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் குடிவருவதற்காக வாங்குவதில்லை, விலை ஏறினால் விற்பதற்காக வாங்குகிறார்கள். ஆகவே இத்தகைய மனைப்பிரிவில் முதலில் வீடு கட்டுகிற குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் அண்டை வீட்டார் மஞ்சள் கற்கள்தான். தெருவிளக்குக் கம்பம் இருக்கும். விளக்கு 'வரப்போகுது' வகையைச் சேர்ந்தது.

மோர் தீர்ந்த நேரத்தில் தரகர் ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இந்த உரையாடல் பாதியில் நின்றிருக்கும்.

தரகர்: சார் எங்க குடியிருக்கீங்க?

சர்வேயர்: வேளச்சேரி.

தரகர்: சொந்த வீடா?

சர்வேயர்: சொந்தந்தான். எண்பத்தெட்டுல வாங்கினது.

தரகர்: வேளச்சேரியில எங்க சார்?

சர்வேயர்: ஏரிப் பக்கம்.

தரகர்: பக்கமா, உள்ளயா?

சர்வேயர்: அப்ப பக்கம்.

தரகர்: சர்வேயரா இருந்தும் வாங்கினீங்களா!

சர்வேயர்: சர்வேயரா இருந்ததாலதான் விலை ஏன் குறைச்சலா இருக்குன்னு புரிஞ்சுது. அந்த விலைக்குத்தான் என் சம்பளமும் எட்டுச்சு.

தரகர் இதைத் தம் கட்சிக்கான சாட்சியமாக உடனே எடுத்துக்கொண்டார். ரசீதுப் புத்தகம் பையிலிருந்து வெளியே வந்தது. இன்றைக்கே பத்தாயிரம் டோக்கன் போட்டால் கிழக்குப் பார்த்த மனை; நாளைக்குச் சதுர அடிக்கு நூறு ரூபாய் ஏறும். சர்வேயர் மதகுக் கல்லைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்போதுதான் குழந்தையின் கையிலிருந்து நத்தைக் கூடுகளை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"கார்த்திகை மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டு டோக்கன் போடலாங்களா?"

"மழை நேரத்துல நாங்க சைட் விசிட் வைக்கிறதில்ல மேடம்" என்றார் தரகர். "வேன் உள்ள வராது."