பருத்திக்கு அனுமதி இல்லை

பனியன் தொழிலில் இருப்பவன் குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டுமானால் தீபாவளி வர வேண்டும். மற்ற நாளெல்லாம் ஷிப்மென்ட் இருக்கும். இல்லாத நாளில், ஏன் இல்லை என்ற கவலை இருக்கும். போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறியதும் திருப்பூர் ஓவர்லாக் மெஷின் சத்தமில்லாமல் ஓய்ந்துவிடும். நாமும் எங்காவது போனால் என்ன என்று அப்போதுதான் தோன்றும். தமிழ்நாடு முழுக்க அதே நேரத்தில் அதே யோசனை தோன்றியிருப்பது ரயில் டிக்கெட் எடுக்கும்போது தெரியவரும்.

இந்தத் தடவை வீட்டில் இரண்டு கட்சி. பிள்ளைகளுக்கு ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் வேண்டும். அவர்கள் அம்மாவுக்கு வரலாறு வேண்டும். "ஏனுங்க, இத்தனை செலவு பண்ணிப் போய் வெறுமனே கத்திட்டு வரதா? எதையாச்சும் கத்துக்கிட்டு வரட்டும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒரே திட்டமிடல் ஆர்டர் திட்டமிடல். உடனே ஒரு எக்செல் ஷீட் போட்டேன். மனைவிதான் பையர், அவள் அப்ரூவல் தராமல் கத்தரி வைக்க முடியாது. பிள்ளைகள் டெலிவரி தேதியை மட்டும் கேட்பார்கள். அப்பா தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன். எல்லாம் பேக்கிங் ஆனபிறகு வந்து பெட்டியைப் பிரிக்கச் சொல்வது அவர் வேலை.

ராட்டினத்தையும் வரலாற்றையும் ஒரே நாளில் முடிக்க வழி உண்டா என்று தேடினால், ஸ்வீடன்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் ஒரே தீவில் 1883-இல் தொடங்கிய குரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது; பக்கத்திலேயே 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் திறந்த ஸ்கான்சன். ஊர் ஊராகப் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து அப்படியே மறுபடி கட்டி, அந்தக் காலத்து உடுப்பில் ஆட்களையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். பேரன் ராட்டினத்தில் கத்துகிற நேரத்தில் தாத்தா பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். இதைவிட நல்ல குடும்ப ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்வீடன் வேண்டாம், சென்னையே போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன் 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். 1996-இல் தட்சிணசித்ரா திறந்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு. செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்து மரவீடு என்று பலவும் இருந்த இடத்திலிருந்து பிரித்து வந்து கட்டியவை. பட்டு நெசவாளர் வீடும் உண்டு, உள்ளே தறி. அதே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் இருக்கிறது. காலையில் தறி, மதியத்துக்குமேல் ராட்டினம். பையர் அப்ரூவல் கொடுத்துவிட்டாள்.

அப்பா பெட்டியைப் பிரித்தார். அவர் சென்னிமலையில் பெட்ஷீட் நெய்தவர். "காசு குடுத்துக் குழித்தறி பாக்கோணுமா? நாப்பது வருஷம் குழிக்குள்ள காலை உட்டுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தனாவது டிக்கெட் எடுத்துட்டு வந்து எட்டிப் பாத்தானா?" என்றார். அதற்கு எங்கள் யாரிடமும் பதிலில்லை. வரலாறுதான் வேண்டுமென்றால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகம் இருக்கிறதே, அவனும் சென்னிமலைக்காரன், நெசவாளி வீட்டுப் பிள்ளை, 1932-இல் கொடியை விடாமல் உயிரை விட்டவன், எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ரயிலுக்கு நேரமாகியிருக்கும்.

சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தது திங்கட்கிழமை ராத்திரிக்கு மட்டும்தான். செவ்வாய் காலை சென்னை, அன்று ராத்திரியே திரும்பல். எக்செல் ஷீட் பச்சை நிறமாகியது. பொண்ணு போனை நோண்டிவிட்டு, "செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ரா லீவுப்பா" என்றாள். "செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மாற்றுத் திட்டம் அவருடையது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா. போகிற வழியில் திருமுருகன்பூண்டி, அவிநாசி. பூண்டியில்தான், சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையெல்லாம் சுமந்துகொண்டு வந்த சுந்தரரைச் சிவனின் பூதகணங்கள் வேடர் வேஷத்தில் மறித்துப் பறித்தன என்பது தலபுராணம். பயணத்தில் கையிருப்பு முழுதும் காலியாவது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். சுந்தரர் பாடித் திரும்ப வாங்கிவிட்டார். எனக்குப் பாட்டு வராது. அவிநாசியில் முதலை விழுங்கிய பையனைச் சில வருஷம் கழித்து அவரே பாடி வரவழைத்தார். தண்ணீரில் இறங்கிய பையனை வெளியே வரவழைப்பது எவ்வளவு சிரமம் என்பது அலைக்குளத்தின் கரையில் துண்டோடு நின்ற எந்தத் தகப்பனுக்கும் தெரியும்.

பிளாக் தண்டர் குளத்தின் படத்தைப் போனில் காட்டினேன். அப்பா அந்த நீலத்தை உற்றுப் பார்த்து, "எந்தச் சாயப்பட்டறைத் தண்ணிடா இது?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2011-இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முந்தைய நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்.

கடைசியாக விதிமுறைகள். பெரும்பாலான தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தி உடுப்போடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நனைந்தால் கனக்கும், பிசிறு போய் ஃபில்டரை அடைக்கும். நைலானோ பாலியஸ்டரோ வேண்டும். நியாயமான காரணம்தான். ஆனால் பருத்தியால் சோறு தின்கிற குடும்பத்தில் இதை உரக்கப் படித்தபோது ஒரு மயான அமைதி. செயற்கை இழைக்கு மாறுங்கள், மாறுங்கள் என்று ஊரில் எத்தனையோ கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். நாங்கள் போண்டா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஒரு சறுக்குமரம் ஐந்து பேரை ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிட்டது. அங்கே வாடகைக்கு உடுப்பு கிடைக்குமாம். திருப்பூர்க்காரன் துணிக்கு வாடகை கொடுத்தான் என்று வெளியே தெரிந்தால் யார் ஜாப் ஒர்க் கொடுப்பார்கள்? காதர்பேட்டையில் அலைந்து வாங்கினேன்.

மனைவி ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: அங்கே எவனுடைய டி-ஷர்ட் காலரையும் புரட்டி லேபிள் பார்க்கக் கூடாது.

சென்னைப் பக்கம் போகிறவர்கள் கிழமையைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். மேட்டுப்பாளையம் போகிறவர்கள் நைலானை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.