பதிப்பு மாற்றத்துப் பிழைகள்: 5.7 முதல் 8.0 வரை ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கமும் எல்லையும்

டேட்டாபேஸ் சர்வரைப் புதிய பதிப்புக்கு ஏற்றும் சனிக்கிழமை இரவுகளில் தோன்றும் பிழைச்செய்திகள், உரைநடை இலக்கியத்தில் தனி இடம் பெறத்தக்கவை. ஒரே வரியை நால்வர் சுற்றி நின்று, வாய்விட்டும் மனத்துக்குள்ளும் மீண்டும் மீண்டும் ஓதும் பேறு வேறெந்த உரைநடைக்கும் இன்று வாய்ப்பதில்லை. ஆயினும் இவற்றுக்கு உரை கண்டார் அரியர். அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு மைஎஸ்கியூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு ஏறும் நிகழ்வு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. போஸ்ட்கிரெஸ் முதலியன பிறர் ஆராயுமாறு விடப்பட்டன. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மேலாளர் தொலைபேசியில் எழுப்பும் வினா மெய்யியல் துறைக்குரியது. ஆதலின் அதுவும் விலக்கப்பட்டது.

கருதுகோள்

பழைய பதிப்பு பொறுத்துப்போனதையே புதிய பதிப்பு பிழை என்கிறது. ஆகவே பிழையின் பிறப்பிடம் ஏற்றிய இரவு அன்று. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் "இப்போதைக்கு ஓடுதுல்ல, விடு" என்று சொன்ன பகல்.

பதிப்பு வரலாறு

மைஎஸ்கியூஎல் 1995-இல் ஸ்வீடனில் தோன்றியது. ஆக்கியோருள் ஒருவரான மான்டி விடேனியஸ் தம் மகள் மையின் பெயரை இதற்குச் சூட்டினார். 2008-இல் சன் நிறுவனத்திடமும், 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளிடமும் இது போய்ச் சேர்ந்தது. 5.7 பதிப்பு 2015 அக்டோபரிலும், அடுத்ததாகிய 8.0 பதிப்பு 2018 ஏப்ரலிலும் வெளிவந்தன.

இங்கே ஐந்துக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள ஆறும் ஏழும் என்னவாயின எனும் வினா எழும். கடல் கொண்டது என்று துணியத் தமிழ் ஆய்வாளர்க்கு ஆசை வருவது இயல்பே. உண்மை அவ்வளவு பெருமைக்குரியதன்று. 6.0 தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்டது. ஏழு எனும் எண்ணை இதே குடும்பத்தின் கிளஸ்டர் பதிப்பு முன்னரே எடுத்துக்கொண்டது. 5.6-இல் இருப்போர் நேரே எட்டுக்குத் தாவ இயலாது, 5.7-இல் இறங்கி ஏற வேண்டும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

பிழை வகைப்பாடு

பிழைகள் ஐவகைப்படும்.

முதலாவது, எழாப் பிழை. சர்வர் எழவே எழாது. கான்ஃபிக் கோப்பில் கொயரி கேஷுக்கு நினைவகம் ஒதுக்கி ஒரு வரி இருக்கும். கொயரி கேஷையே 8.0 நீக்கிவிட்டது. அறியாத மாறி என்று எரர் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு சர்வர் படுத்துக்கொள்ளும். எஸ்கியூஎல் மோடில் நீக்கப்பட்ட பழைய மதிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதி. இந்த வகைப் பிழை காண்போர் எரர் லாகைத் தவிர மற்ற அனைத்தையும் முதலில் பார்ப்பர் என்பது மரபு.

இரண்டாவது, வாயிற்பிழை. 8.0-இல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்பு முறை மாறியது. ஏற்றத்துக்கு முன்பே இருந்த பயனர்கள் பழைய முறையிலேயே தொடர்வதால் பெரும்பாலும் தடையின்றி உள்ளே போவர். புதிதாக உருவாக்கிய பயனர்தாம், பழைய பிஎச்பி நிரலின் வழியே வந்தால் வாசலில் நிற்பார். "எனக்கு வருது, உனக்கு ஏன் வரல?" எனும் நெடிய உரையாடல் இதன் துணை நூலாகும். புதிய கிளையென்ட் நூலகத்தை நிறுவுவதே முறையான தீர்வு. கான்ஃபிக் கோப்பில் பழைய முறையையே இயல்பாக்கும் ஒரு வரியைச் சேர்ப்பது பெருவழக்கு. அவ்வரியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

மூன்றாவது, சொற்பிழை. மாணவர் மதிப்பெண் டேபிளில் 'ரேங்க்' என்றொரு நெடுவரிசை இருக்கும். 8.0-இல் விண்டோ ஃபங்ஷன்கள் வந்தபோது அச்சொல் ஒதுக்கப்பட்ட சொல்லாயிற்று. 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' ஆகியனவும் அவ்வாறே ஆயின. அன்றுவரை உழைத்த வினவல் 1064 எனும் எண்ணோடு திரும்பி வரும். இச்செய்தி குற்றம் இன்னதென்று சொல்லாது. உங்கள் பதிப்புக்குரிய கையேட்டைப் பார்க்கவும் என்று அறிவுரை கூறி, "இதன் அருகே" என்று ஓரிடத்தைக் காட்டி முடியும். கையேட்டைப் பார்க்கச் சொல்லும் அவ்வடியை இடைச்செருகல் என ஒதுக்கியே பலரும் வாசிக்கின்றனர். பெயரை பேக்டிக் குறிகளுக்குள் அடைப்பது உடனடி மருந்து. பெயரையே மாற்றுவது நிலையான மருந்து.

நான்காவது, எழுத்துப்பிழை. தமிழர் ஊன்றிப் படிக்க வேண்டிய இயல் இது. 8.0-க்கு முன் இந்த சர்வரின் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்-1; அகரவரிசையோ பிறந்த வீட்டுப் பாசத்தால் ஸ்வீடிஷ். பல தமிழ்த் தளங்கள் யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் என்று பொய் சொல்லி உள்ளே வைத்தன. எடுக்கும்போதும் அதே பொய்யைச் சொன்னதால் தமிழ் தமிழாகவே தெரிந்தது. ஏற்றத்தின்போது ஒரு முனை மட்டும் உண்மை பேசத் தொடங்கினால் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரையை நிரப்பும். நெடுவரிசையை முதலில் பைனரியாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்குவதே இதைத் தீர்க்கும் வழி.

அப்பெயரின் நான்கு ஏன் எனின், பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளே இடம் தந்தது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிட்டன, இமோஜி அடங்கவில்லை. 2019-இல் யூனிகோடு 12.0 ஏற்றுக்கொண்ட தமிழ்ப் பின்னக் குறிகளும் அடங்கா. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரிக்கு இடமில்லாத சர்வர், நிலக்கணக்கு எழுத உதவாது என்பது வெளிப்படை. இனி, புதிய டேபிளின் அகரவரிசை ஒன்றாகவும் பழையதன் அகரவரிசை வேறாகவும் இருக்க, இரண்டையும் இணைத்துக் கேட்டால் 1267 எனும் பிழை தோன்றும். இது சம்பந்திச் சண்டையின்பாற்படும்.

ஐந்தாவது, பிழை காட்டாப் பிழை. ஐந்தனுள் கொடியது இதுவே. 5.7-இல் குரூப் பை என்று கேட்டாலே விடை வரிசைப்பட்டு வந்தது. 8.0-இல் ஆர்டர் பை என்று தனியே கேட்டால்தான் வரிசை உறுதி. செய்தியும் வராது, சர்வரும் விழாது. திங்கட்கிழமை கணக்குப்பிரிவு மட்டும் எழுந்து வரும்.

கடாவும் விடையும்

அற்றேல், பிழை மிகுந்தால் பழைய பதிப்புக்கே திரும்பினால் என்னை எனின், ஆகாது என்க. 8.0 எழுந்தவுடன் டேபிள் வடிவத்தைச் சொல்லும் பழைய எஃப்ஆர்எம் கோப்புகளை விடுத்துத் தன் தரவு அகராதிக்குள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். அதன்பின் 5.7 அதைப் படிக்காது. ஏற்றத்துக்கு முன் எடுத்த பேக்கப் ஒன்றே திரும்பும் வழி. பேக்கப் எடுத்தேன் என்பதும், எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தேன் என்பதும் வேறு வேறு வினைமுற்றுகள்.

முன்னறிய வழியில்லையோ எனின், உண்டு. மைஎஸ்கியூஎல் ஷெல்லில் உள்ள அப்கிரேட் செக்கர் ஒதுக்கிய சொற்களால் ஆன பெயர்களையும், ஆண்டு மாதம் நாள் மூன்றும் பூச்சியமாகிய தேதிகளையும், நீக்கப்பட்ட அமைப்புகளையும் சொல்லிவிடும். நிரலுக்குள் எழுதிய வினவல்களை அது அறியாது. அவற்றுக்குச் சோதனை சர்வர் வேண்டும். அதில் ஓட்டிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

முடிவும் மேலாய்வுக் களமும்

மேற்கண்டவற்றால் கருதுகோள் நிறுவப்பட்டது. அதற்கொரு துணை விதியும் கிடைத்துள்ளது: குறுக்குவழித் தீர்வு ஒவ்வொன்றும் அடுத்த ஏற்றத்தின் பிழையாகப் பிறக்கும்.

சான்று வருமாறு. 8.0-இன் வாயிற்பிழையைத் தீர்க்கக் கான்ஃபிக் கோப்பில் சேர்த்த அந்த ஒரு வரியை, 2024 ஏப்ரலில் வந்த 8.4 பதிப்பு ஏற்பதில்லை. அந்த மாறியையே அது நீக்கிவிட்டது. பழைய கடவுச்சொல் முறையும் 8.4-இல் இயல்பாக அணைக்கப்பட்டு, 9.0-இல் முற்றாக அகற்றப்பட்டது. ஆகவே அன்று வாயிற்பிழைக்கு இட்ட மருந்தே இன்று எழாப் பிழையெனும் நோய். அவ்வரியை எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார் என்பதையும், வரியின் மேல் "தற்காலிகம்" என்று குறிப்பு எழுதிவைத்திருப்பார் என்பதையும் மேலாய்வாளர் மெய்ப்பிப்பாராக.