எக்ஸ்ட்ரா லக்கேஜ் மகாராணி

பதினான்கு வருஷம் ஓடி ஒளிந்ததற்காகவே புகழ் வாங்கிய ராஜா உலகத்தில் வேறு யாராவது உண்டா? இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். “தம்புள்ளைக் குகையில்தான் எங்கள் வலகம்பா மன்னர் ஒளிந்திருந்தார்” என்பார்கள், மார் நிமிர்த்தி! அதே மாவட்டத்துப் பல்லேகமவில் நின்றால் தெரிகிற நக்கிள்ஸ் மலைகளும், அன்று மலய என்று அழைத்த மலைநாட்டில்தான் சேர்த்தி. ஒளிய இடத்துக்கா பஞ்சம்?

ஓடியது ஏன்? கி.மு. 103. அனுராதபுரத்தில் முடிசூடி ஐந்தாவது மாதம். மாதோட்டத்தில் ஏழு தமிழர்கள் படையோடு வந்து இறங்கினார்கள் (நம்மாட்கள்தான், என்ன செய்ய). தெற்கே ருகுணையில் தீசன் என்றொரு பிராமண இளைஞனின் கலகம் வேறு. நாடு உனக்கே, முதலில் அந்த ஏழு பேரை ஜெயித்துக்கொள் என்று தீசனுக்கு ஓலை விட்டார் மன்னர். மாஸ்டர் பிளான்! தீசன் தோற்றான். அடுத்து, பிளான் போட்டவரும் தோற்றார்.

ரதத்தில் கர்ப்பிணி ராணி அனுலா, இரண்டு பையன்கள், இன்னொரு ராணி சோமாதேவி. வண்டிக்குச் சுமை அதிகம். மலிவு விலை விமானக் கம்பெனி போல மன்னர் எடையைக் கணக்குப் போட்டார். தன் முடிமணியைச் சோமாதேவி கையில் கொடுத்து, அவளை வழியில் இறக்கிவிட்டார். அவள் சம்மதத்தோடுதான் என்கிறது பழைய சரித்திர நூலான மகாவம்சம். எழுதியவர் பிக்கு, நம்பித்தான் ஆகவேண்டும்.

ஏழு பேரில் ஒருவன் சோமாதேவியைப் பார்த்தான். சிம்மாசனமாவது மண்ணாவது என்று அவளைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டான். இன்னொருவன் புத்தரின் பிச்சா பாத்திரத்தோடு திருப்தியாகக் கிளம்பினான். மிச்சம் ஐந்து பேர் வரிசையாக ஆண்டார்கள். முதல் நான்கு பேரில் ஒவ்வொருவரையும் கொன்றுவிட்டு அவரவர் தளபதி அடுத்த ராஜாவானார். நோயில் படுத்து நிம்மதியாகச் செத்திருக்கக்கூடியவர்கள், முதலில் ஊருக்குப் போன அந்த இரண்டு பேர்தான்.

கி.மு. 89. கடைசி ஆளான தாட்டிகனைக் கொன்று வலகம்பா திரும்பினார். இனி என்ன, பிரிந்த மனைவியைத் தேடி ஓடியிருப்பார் என்கிறீர்களா? பொறுங்கள். அன்று தப்பி ஓடும்போது, கறுத்த சிங்களவன் ஓடுகிறான் என்று கிரி என்ற சமணத் துறவி கூவியிருந்தார். அந்த ஃபைல்தான் முதலில்! கிரியின் மடத்தை இடித்துத் தள்ளி அங்கே அபயகிரி விகாரையைக் கட்டினார். பெயரில் அபயன் என்ற நம் வலகம்பாவும் இருக்கிறார், கேலி பேசிய கிரியும் இருக்கிறார்.

அப்புறம்தான் சோமாதேவிக்கு ஆள் போனது. ராமாயண ரசிகர்கள் விறகு அடுக்க வேண்டாம். இந்த மனுஷன் தீக்குளிக்கச் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர் எந்த முகத்தோடு கேட்பார்? பழையபடி ராணியாக்கி, அவள் பெயரிலேயே சோமாராமம் கட்டினார். நடுவயசு குற்ற உணர்ச்சிக்குச் செங்கல்லைப் போல மருந்து இல்லை.

பதினான்கு வருஷம் கழித்துச் சேர்ந்த ஜோடி என்ன பேசியிருக்கும்? மகாவம்சம் காப்பாற்றித் தந்திருப்பது ஒரே ஒரு சேதி. அன்று கடம்பப் புதரில் ஒளிந்திருந்தபோது, ஓர் இளம் சாமணேரர் (பயிற்சியில் இருக்கும் பிக்கு) கையால் மறைத்துக்கொண்டு அடக்கமாகச் சிறுநீர் கழித்ததைப் பார்த்தேன் என்றாள் ராணி. மன்னர் உருகிப்போய் அந்தச் சோமாராமத்தை அங்கேயே கட்டிவிட்டார்!

வண்டியிலிருந்து இறங்க அவள் சம்மதித்தாள் என்று அக்கறையாகக் குறித்துவைத்த மகாவம்சம், அக்கரைக்குத் தூக்கிப்போனபோதும் திருப்பிக் கூட்டிவந்தபோதும் அவளை யாராவது கேட்டார்களா என்பது பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.