குதிரைக்குத் தெரிந்த கணக்கு

கே: தேறினார், தோற்றார் மாதிரி விவரங்களுக்கு நேர்கோடு போட்டால் என்ன குற்றம்?

ப: கோட்டுக்கு எங்கே நிற்பதென்று தெரியாது. ஒரு பையனுக்குத் தேர்ச்சி வாய்ப்பு 120 சதவீதம், இன்னொருவனுக்கு மைனஸ் 15 என்று சொல்லிவிட்டுப் போகும். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் இரு முனையிலும் வளைத்து, 0-க்கும் 1-க்கும் நடுவில் அடக்கிவைக்கிறது.

கே: அதைப் போட்டுப் பார்க்காமல் யாராவது கெட்டார்களா?

ப: 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தின இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று வாதம் நடந்தது. வளையம் சேதமான முந்தைய பயணங்களையே புரட்டினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம், 75-லும் சேதம். குளிர்தான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சேதமே இல்லாத 16 பயணங்களை யாரும் சீண்டவில்லை. சேர்த்துப் பார்த்தால் கதையே வேறு. 65 டிகிரிக்குக் கீழே கிளம்பிய நான்கிலும் சேதம். அதற்கு மேல் கிளம்பிய 19-ல் மூன்றில்தான். மறுநாள் காலைக்கு முன்னறிவித்திருந்தது 31 டிகிரி. விண்கலம் சிதறி ஏழு பேர் போனார்கள். 1989-ல் புள்ளியியலாளர்கள் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டு ஆபத்தைக் காட்டினார்கள். அப்போது காட்டி என்ன?

கே: எண்ணிக்கைக்கு எதற்குத் தனி மாடல்?

ப: நேர்கோடு மைனஸ் இரண்டு விபத்து என்றும் சொல்லும்; அது எங்கேயும் நடக்காதே! பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் கணக்கை 1898-ல் போர்ட்கீவிச் வெளியிட்டார். பாடப்புத்தகங்களில் வழக்கமாக வருவது அதில் 10 படைப்பிரிவு, 20 ஆண்டு: ஆக 200 பதிவுகள். ஒருவரும் சாகாதவை 109. எண்ணிக்கைகளுக்கான பாய்சான் சூத்திரம் சொல்வது 108.7. குதிரைகள் பாய்சானைப் படித்திருக்க நியாயமில்லை. இப்படிப்பட்ட எண்ணிக்கையின் சராசரி ஊருக்கு ஊர், வயதுக்கு வயது எப்படி மாறுகிறது என்று கேட்டால் அது பாய்சான் ரிக்ரஷன்.

கே: அப்படியானால் எல்லா எண்ணிக்கைக்கும் பாய்சானே போதுமா?

ப: குதிரை விஷயத்தில் சராசரியும் 0.61, பரவற்படியும் (variance) 0.61. மனிதர்கள் அவ்வளவு ஒழுங்கா? ஆஸ்பத்திரி வருகையை எண்ணுங்கள். முக்கால்வாசிப் பேர் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நாலு பேர் அங்கேயே பாய் விரித்திருப்பார்கள். பரவற்படி சராசரியை மிஞ்சினால், பாய்சான் இல்லாத நிச்சயத்தோடு பேசத் தொடங்கும். அந்த மிச்சப் பரவலுக்கும் இடம் கொடுக்கும் நெகட்டிவ் பைனாமியல் மாடலுக்கு மாறிவிடுங்கள்.

கே: எண்ணிக்கை போகட்டும், வகைகள்? வேலைக்கு எதில் போகிறார்கள் என்பதற்குப் பஸ் 1, ரயில் 2, கார் 3 என்று எண் கொடுத்துச் சராசரி எடுத்துவிட்டேன். சரிதானே?

ப: ஒரு பஸ்ஸும் ஒரு காரும் சேர்ந்தால் சராசரி ஒரு ரயில். ரயில்வேக்குச் சொல்லிவிடுகிறேன். இப்படி வரிசையில்லாத வகைகளுக்கு மல்டிநாமியல் லாஜிட் என்ற மாடல் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் ரயில் ஓடத் தொடங்குமுன், வேலைக்குப் போகிறவர்களில் 6.3 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்று டேனியல் மெக்ஃபேடனின் குழு அதை வைத்துக் கணித்தது. ஏறியது 6.2. மெக்ஃபேடனுக்கு 2000-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.