புதுப் படலையும் வேலிப் பொட்டும்

மருமோனே, இப்பிடி இரு. அந்தப் போனைக் கவிட்டு வை. "மாமா, டிஜிற்றல் ஐடியைக் கட்டாயமாக்கப் போறாங்களாம், உதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ" எண்டு வந்து நிக்கிறாய். போடுறன், ராசா. ஆனா உன்ர மனு முதல்லை என்ர பேரைக் கேட்டுது. பேந்து ஈமெயில், பேந்து ஊர். கடைசியிலை நான் மனிசனோ இயந்திரமோ எண்டு பாக்க, சிக்னல் லைற் இருக்கிற பெட்டியளைத் தொடச் சொல்லிச்சுது. அடையாளம் கேக்கக் கூடாது எண்டு சொல்லுற மனுவுக்கே இவ்வளவு அடையாளம் வேணுமெண்டால், அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன?

கோவிக்காதை. உன்ர பயத்தை நான் பகிடி பண்ணேல்லை. உன்னைத்தான் பண்ணுறன்.

நீ முகத்தைக் காட்டித்தான் போனைத் திறக்கிறாய். நித்திரையிலை எத்தினை தரம் பிரண்டனீ எண்டதைக் கைக்கடிகாரத்துக்குச் சொல்லுறாய். ஆனா அரசாங்கம் எண்டோண்ணை உனக்கு உடம்பு நடுங்குது. 2024 பெப்ரவரியிலை தொடங்கி, இந்த நியூசிலாந்தின்ர வடக்குத் தீவிலை 25 சுப்பர்மார்க்கெற்றிலை, நியூ வேர்ல்ட், பாக் அன் சேவ் கடையளிலை, கமெரா வைச்சு வாற ஆக்களின்ர முகத்தை வாசிச்சவை. முந்தி கரைச்சல் குடுத்தவன் திரும்ப வாறானோ எண்டு பாக்கவாம். ஆறு மாசத்திலை 22 கோடிக்கு மேலை முகம் வாசிச்சாச்சு. நாட்டின்ர சனத்தொகையே 53 லட்சம்தான், நீயே கணக்குப் பார். அநேகமா எல்லாத்தையும் ஒரு நிமிசத்துக்குள்ளை அழிச்சதெண்டதும், சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடந்ததெண்டு 2025 யூனிலை தனியுரிமை ஆணையாளர் சொன்னதும் உண்மை. ரோட்டொருவாவிலை ஒரு பொம்பிளையைப் பிழையா ஆள் மாறாட்டம் பண்ணினதும் உண்மை. அந்த நேரம் உன்ர மனு எங்கை? நீ அங்கை மலிவு விலைத் தக்காளி பொறுக்கிக்கொண்டு நிண்டிருப்பாய்.

சரி, விசயத்துக்கு வருவம். இந்த நாட்டிலை ஐசி, அடையாள அட்டை எண்டு ஒண்டு இல்லை. பாஸ்போட், லைசென்ஸ், அதுகும் இல்லாட்டி கிவி அக்செஸ் காட், அவ்வளவுதான். 2023 இலை மூச்சு வாங்கிற நீளத்துக்குப் பேர் வைச்சு ஒரு சட்டம் கொண்டு வந்தவை: டிஜிற்றல் அடையாளச் சேவைகளுக்கான நம்பிக்கைக் கட்டமைப்புச் சட்டம். 2024 யூலை 1 இலையிருந்து நடைமுறை. அது ஒருத்தருக்கும் காட் குடுக்கேல்லை. ஆர் எவர் எண்டு உறுதிப்படுத்துற கொம்பனியளுக்கு விதி வைக்குது, விருப்பமான கொம்பனி வந்து அங்கீகாரம் வாங்கலாம். ஆனா அந்த மசோதா வந்த நேரம் தடுப்பூசிப் பாஸாலை சனம் கொதிச்சுக்கொண்டிருந்த நேரம். ஆயிரக்கணக்கிலை ஆட்சேபம் வந்து குவிஞ்சுது. பாஸும் இதுவும் ஒண்டெண்டு நினைச்சவையும் அதுக்குள்ளை இருந்தவை. இப்ப லைசென்சைப் போனிலை வைச்சிருக்க வழி செய்யினம். கேட்டால் எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்லுவினம்: "கட்டாயம் இல்லை."

2023 தேர்தலிலை எங்கட மவுண்ட் ஆல்பர்ட் தொகுதி என்ன மாதிரி முடிஞ்சுது எண்டு தெரியுமோ? பிரதமரா இருந்த ஹெலன் கிளார்க்கும் ஜசிண்டா ஆர்டனும் இருந்த தொகுதி, வித்தியாசம் 20 வாக்கைத் தாண்டேல்லை. அவ்வளவு நெருக்கத்திலையும் வாக்குப் போடப் போனவையிட்டை ஒரு ஐசியும் கேக்கேல்லை. பேரையும் விலாசத்தையும் சொன்னன், அந்தப் பிள்ளை இடாப்பிலை ஒரு கோடு கீறிப்போட்டு வாக்குச் சீட்டைத் தந்துது. எனக்குக் கை கால் ஓடேல்லை. எங்கையோ பிழை விட்டிட்டம் எண்டு திரும்பிப் பாத்துப் பாத்து வெளியிலை வந்தன்.

ஏனெண்டால் நான் ஐசியோடை படுத்தெழும்பின ஆள். இலங்கையிலை 1968 இலை ஆட்பதிவுச் சட்டம் போட்டு 1972 இலையிருந்து காட் குடுத்தவை. விதானையாரிட்டைப் போய் படிவம் நிரப்பி, ஸ்ரூடியோவிலை சிரிக்காத படம் எடுத்துக் குடுக்கவேணும். ஒன்பது இலக்கமும் கடைசியிலை ஒரு இங்கிலிஸ் எழுத்தும். முதல் ரண்டும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் அந்த வருசத்திலை எத்தினையாம் நாள் எண்டது. பொம்பிளையள் எண்டால் அதோடை 500 ஐக் கூட்டுவினம். உன்ர மாமி பெப்ரவரி முதலாம் திகதிக்காரி, அவவின்ர இலக்கத்திலை 532 எண்டு நிக்கும். மூண்டு வயசைக் குறைச்சுச் சொல்ல அந்த மனிசிக்கு ஒரு வழியும் இல்லாமப் போச்சு.

இது பகிடி. இனிச் சொல்லுறது பகிடி இல்லை. தெற்கிலை குடுத்த காட்டிலை சிங்களம் மட்டும். வடக்குக் கிழக்கிலை குடுத்ததிலை தமிழும் இருக்கும். 2014 இலைதான் எல்லாருக்கும் ரண்டு மொழியிலையும் எண்டு மாத்தினவை. சண்டைக் காலத்திலை கொழும்பிலை பஸ்ஸை மறிச்சு இறக்கி, வரிசையிலை நிண்டு காட்டை நீட்டேக்கை, பேரை வாசிக்க முதலே நீ ஆரெண்டது அவனுக்கு விளங்கியிடும். கொம்பியூட்டரும் தேவையில்லை, முகம் வாசிக்கிற கமெராவும் தேவையில்லை. காட் இல்லாட்டி இன்னும் கூத்து. காட் இருந்தாலும் வவுனியாவாலை கொழும்புப் பக்கம் வர ஆமியின்ர பாஸ், வன்னியாலை வெளிக்கிட இயக்கத்தின்ர பாஸ். சண்டை பிடிச்ச ரண்டு பகுதியும் ஒத்துப்போன ஒரே விசயம், எங்களிட்டைக் கடுதாசி கேக்கிறது. இப்ப அங்கையும் டிஜிற்றலாம். முகம், கண், விரல் எல்லாம் பதிஞ்சு, அதுக்கு இந்தியா முற்பணமா மட்டும் 45 கோடி இந்திய ரூபா குடுத்ததாம்.

சரி, உந்தக் "கட்டாயம் இல்லை" எண்டதுக்கு வருவம். ஊரிலை எங்கட வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவிலை வேலியிலை ஒரு பொட்டு இருந்தது, உன்ர அம்மாவைக் கேட்டுப் பார். தண்ணி அள்ள, உப்புக் கடன் வாங்க, சண்டை பிடிக்க, எல்லாத்துக்கும் அதாலைதான் போக்குவரத்து. ஒரு வருசம் அவை றோட்டுப் பக்கம் வடிவான படலை ஒண்டு போட்டினம். "இனி இதாலையும் வரலாம்" எண்டு சந்தோசமாச் சொன்னவை. அடுத்த முறை வேலி அடைக்கேக்கை பொட்டுக்கு மேலை கிடுகு விழுந்துது. வராதையுங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. படலைக்குப் பூட்டு வந்தது பேந்து.

இஞ்சை செக்குக்கு அதுதான் நடந்தது. ஒன்லைனிலை காசு அனுப்பிறது விருப்பம் எண்டு தொடங்கினவை. 2021 முடியிறதுக்குள்ளை பெரிய பாங்குகள் எல்லாம் செக்கை நிப்பாட்டிப் போட்டினம். பாராளுமன்றத்திலை ஒருத்தன் கை உயர்த்தேல்லை.

இந்தியாவிலை ஆதாரும் 2010 இலை விருப்பத்தின் பேரிலைதான் தொடங்கினது. அது இல்லையெண்டதுக்காக ஒருத்தரும் கஷ்டப்படக் கூடாது எண்டு 2013 செப்டெம்பரிலை உச்ச நீதிமன்றமே சொல்லிச்சுது. 2017 இலை ஜார்க்கண்டிலை சிம்டேகாப் பக்கம் 11 வயசுப் பிள்ளை ஒண்டு செத்துப்போச்சு. ஆதாரோடை இணைக்கேல்லை எண்டு அந்த வீட்டின்ர ரேசன் காட்டை வெட்டியிருந்தவை. குடும்பம் பட்டினி எண்டுது, அரசாங்கம் மலேரியா எண்டுது. அடுத்த வருசம் அதே நீதிமன்றம், பாங்குக்கும் போனுக்கும் ஆதார் வேண்டாம், வரிக்கும் மானியத்துக்கும் கேக்கலாம் எண்டு தீர்த்துது. போனில்லாமல் இருந்து பாக்கலாம், அரிசியில்லாமல் ஏலுமோ?

இங்கிலாந்துக்காரன் இதிலை கெட்டித்தனம் காணாதவன். 2025 செப்டெம்பரிலை, வேலை செய்ய டிஜிற்றல் ஐடி கட்டாயம் எண்டு பிரதமர் ஸ்ராமர் வாயைத் திறந்து சொல்லிப்போட்டார். 28 லட்சத்துக்கு மேலை ஆக்கள் எதிர்த்து மனுவிலை பேர் போட்டினம், 2026 தையிலை கட்டாயத்திலையிருந்து பின்வாங்கினவை. கட்டாயம் எண்டு சொல்லுறவனோடை சண்டை பிடிக்கலாம், மருமோன். விருப்பம் எண்டு சிரிச்சுக்கொண்டு வாறவனைத்தான் முழிச்சிருந்து பாக்கவேணும்.

அதுக்காகப் புதுச் சாமான் எல்லாம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. 65 முடிஞ்சோண்ணை தந்த சுப்பர்கோல்ட் காட்டாலை, காலமை 9 மணிக்குப் பிறகு ரெயில் எனக்குச் சும்மா. எத்தினை மணிக்கு மவுண்ட் ஆல்பர்ட்டிலை ஏறினன், எங்கை இறங்கினன் எண்டு ரெயிலுக்குத் தட்டுற ஹொப் காட் எழுதி வைச்சுக்கொள்ளுது. எழுதட்டன்! பிறகு, சாராயக் கடையிலை வயசு கேட்டால் இப்ப நீ பேரும் பிறந்த திகதியும் உள்ள லைசென்சை அப்பிடியே நீட்டுறாய். ஒழுங்காச் செய்தால் போன் "18 தாண்டிட்டார்" எண்டு மட்டும் சொல்லும். அது நல்லதுதானே. 16 வயசுக்குக் குறைஞ்ச பெடியளைச் சமூக ஊடகத்திலையிருந்து மறிக்கவேணும் எண்டு கதைக்கினம், அதுவும் நல்லதெண்டே வைப்பம். பெடியளைப் பிடிக்கிறதெண்டால், கிழவன் நானும் கிழவனெண்டு காட்டவேணுமெல்லே? அதை ஏன் நீ கேக்கேல்லை?

பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு எழுதேக்கை சாத்தான்ர இலக்கம், பில் கேட்ஸ், ஊசிக்குள்ளை சிப் எண்டு எழுதாதை. வாசிக்கிறவன் சிரிச்சுப்போட்டு அங்காலை வைப்பான். போனில்லாத மனிசிக்குப் பிளாஸ்ரிக் லைசென்ஸ் அதே விலையிலை, அதே வரிசையிலை, எண்டைக்கும் கிடைக்கும் எண்டு சட்டத்திலை எழுதுவியளோ எண்டு கேள். ஆர் எப்ப என்ர அடையாளத்தைக் கேட்டவை எண்ட கணக்கை ஆர் வைச்சிருப்பினம், எத்தினை நாளைக்கு எண்டு கேள். மெசின் பிழை விட்டால் போய்ச் சண்டை பிடிக்கிறதுக்கு கவுண்டரிலை உயிருள்ள மனிசன் ஒராள் இருப்பாரோ எண்டும் கேள்.

இன்னொண்டு. இந்த நாட்டிலை உண்மையாவே கட்டாயமான பதிவு ஒண்டு இருக்கு, வாக்காளர் பதிவு. நிரந்தர வதிவிடம் இருந்து, இஞ்சை ஒரு வருசம் தொடர்ந்து இருந்தாலே பதியலாம், பதியத்தான் வேணும். 20 வாக்குக்குள்ளை முடிஞ்ச தொகுதியிலை குடியிருந்துகொண்டு நீ இன்னும் பதியேல்லை எண்டு உன்ர அம்மா சொன்னவ. நவம்பர் 7 தேர்தல். போன முறை மாதிரி வாக்குப் போடுற அண்டைக்கே பதியலாம் எண்டு இருந்திடாதை, சட்டத்தை மாத்திப்போட்டினம். இப்ப அந்தப் போனை நிமித்து.